எழுதுகோலும் இதழ் வாசலும்



இம்மலருக்கென ஒரு கட்டுரை வேண்டுமெனத் தமிழ்த்துறைத் தலைவர் அவர்கள் மடல் விடுத்தபோது பொருளையும் அவர்களே குறித்திருந்தார்கள். இதழ்களில் எழுத விரும்பும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். நல்ல நடை எது, பிழையற்ற தமிழ் எது என்பதையெல்லாம் வகுப்பறையிலேயே கற்பித்துவிடுகிறோம். ஆனால் எழுதியதை இதழாசிரியரிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று கேட்டால் எங்களிடம் விடையில்லை. அதை நீங்கள் எழுதுங்கள் என்பது அவர்களது அன்புக் கட்டளை. அதனைத் தலைமேற்கொண்டு எழுதுகிறேன்.

எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் பெயரில்லாமல், கட்டுரை கட்டுரையாக எழுதி இதழ்களுக்கு அளிப்பவனுக்குத் தமிழில் இன்னும் நிலையான பெயர் அமையவில்லை. சுதந்திர எழுத்தாளர் என்கிறார்கள். அந்தச் சுதந்திரம் எத்தகையது என்பது மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரருக்குத்தான் நன்கு தெரியும். சங்கரன்கோவிலில் என்னைப் பற்றி விசாரிப்பவர்களுக்கு எங்கள் தெருவினர் தரும் விளக்கம், "பாய் பேப்பருக்கு எழுதுவாக" என்பதே. இதைவிடச் சரியான விளக்கத்தை நானும் இதுவரை கண்டதில்லை.

மாணவ நண்பர்கள் சிலர் இதழ்களுக்கு எழுதிய மடல்களை என்னிடம் காட்டியதுண்டு. "சங்கரன்கோவிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமென்றிருக்கிறேன், அனுப்பலாமா?" என்ற முறையிலேயே பெரும்பாலானவை அமைந்திருக்கும். சங்கரன்கோவில் என்பது ஓர் ஊர். அது கட்டுரை ஆகாது. ஊரைப் பற்றி என்ன சொல்லப்போகிறோம் என்பதே கட்டுரை. இதழாசிரியரின் மேசையில் நாளும் வந்து குவியும் மடல்களிடையே, ஊர்ப் பெயரை மட்டும் தாங்கி வரும் மடலுக்கு அவர் என்ன விடை எழுத முடியும்?

ஒரு சான்று கூறுகிறேன். 1917ஆம் ஆண்டு எச்.ஆர். பேட் என்னும் ஆங்கில அதிகாரி தொகுத்த திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியைப் புரட்டினால் எங்கள் ஊரும் வட்டமும் சங்கரநயினார்கோவில் என்றே குறிக்கப்பட்டிருக்கும். இடையிலிருந்த நயினார் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டார். நயினார் என்றால் தலைவர், ஆண்டவர் என்று பொருள். சிவபெருமானையும் அச்சொல்லால் அழைத்தனர்; தமிழ்ச் சமணர்கள் தம் பெயரோடு அதைச் சேர்த்துக்கொள்கின்றனர்; நம் பகுதி முஸ்லிம்களிலோ நயினார் முகம்மதுகள் எத்தனை பேர் என எண்ணி முடியாது. எங்கள் ஊரிலிருந்து சிறிது தொலைவில் கழுகுமலை இருக்கிறது. அங்குப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள் அமர்ந்திருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது என் கைக்கு ஒரு கட்டுரை கிடைத்தது. அதற்காக நான் எழுதிய மடல் ஏறத்தாழ இவ்வாறு இருந்தது:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். இன்றைய சங்கரன்கோவில் நூறாண்டுகளுக்கு முன் சங்கரநயினார்கோவில். நயினார் என்னும் சொல் கோயிலின் பெயரிலும், சமணர் பெயரிலும், எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் பெயரிலும் இருக்கிறது. ஒரே சொல் மூன்று சமயத்தார் வீட்டிலும் குடியிருந்த கதையை 1200 சொற்களில் எழுத விரும்புகிறேன். கழுகுமலைப் படங்கள் இரண்டு தர இயலும். தங்கள் இசைவு கிடைத்த இருபதாம் நாள் கட்டுரை வந்து சேரும். ஊர்ப் பெயர்கள் பற்றி முன்பு நான் எழுதிய கட்டுரை ஒன்றின் படி இத்துடன் உள்ளது."

அவ்வளவுதான். தன்னைப் பற்றிய புகழுரை இல்லை. தமிழன்னையின் திருவடி இல்லை. என்ன பொருள், என்ன அளவு, எப்போது வரும், எழுதுபவன் யார் என்னும் நான்குமே ஆசிரியருக்கு வேண்டுவன. முன்னாளில் இம்மடலோடு நம் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையொன்றையும் வைத்தனுப்புவோம். ஏற்றுக்கொண்டால் அந்த உறை திரும்பாது. திரும்பி வந்தால் கட்டுரையும் கூடவே வந்திருக்கும். தபால்காரர் கையில் நம் கையெழுத்திலேயே ஓர் உறையைக் காண்பது எத்தகைய துயரம் என்பது பட்டவர்களுக்குத்தான் விளங்கும். இன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. உறைக்கு வேலையில்லை. மறுப்பும் வருவதில்லை, மௌனமே மறுப்பாகிவிட்டது. தபால்காரராவது வாசலில் நின்று, "பாய், வந்திருக்கு" என்று ஒரு சொல் சொல்லிக் கொடுப்பார்.

காலக்கணக்கு ஒன்றும் உண்டு. ஆடித் தபசு பற்றிய கட்டுரையை ஆடி மாதத்தில் அனுப்புவோர் இன்றும் இருக்கின்றனர். கோமதியம்மன் தவக்கோலத்தைக் காண இலட்சக்கணக்கானோர் எங்கள் ஊரில் திரளும் அந்நாள்களில் இதழ் அச்சாகிக் கடைக்கே வந்திருக்கும். தீபாவளி மலருக்கு ஆனி, ஆடியிலேயே எழுதிவிட வேண்டும். ரமலான் சிறப்பிதழுக்கோ பிறை ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருவதால் தனிக் கணக்கே வேண்டும். நான் சுவரில் இரண்டு நாட்காட்டிகளை மாட்டியிருப்பது இதற்காகத்தான். பக்தி மிகுதியென்று விருந்தினர் எண்ணிக்கொண்டால் நான் மறுப்பதில்லை.

இனிச் செய்தி திரட்டுதல். இதில் நம் முன்னோரைவிடச் சிறந்த ஆசான்கள் எவர் இருக்கின்றனர்? நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு நபிமொழியை, அதைக் கேட்டவரின் வாயிலிருந்தே கேட்கவேண்டுமென்பதற்காக ஒரு மாதப் பயணம் மேற்கொண்டு ஷாம் நாட்டுக்குச் சென்றார்கள். ஹிஜ்ரி 194இல் பிறந்து 256இல் மறைந்த இமாம் புகாரி அவர்கள் நாடு நாடாக அலைந்து நபிமொழிகளைத் திரட்டியதை நாம் அறிவோம். செய்தியை மட்டும் அவர்கள் பதிவு செய்யவில்லை; இதை எனக்குச் சொன்னவர் இன்னார், அவருக்குச் சொன்னவர் இன்னார் எனச் சங்கிலித் தொடராக, இஸ்னாதாக, ஒவ்வொரு கண்ணியையும் எழுதிவைத்தார்கள். கண்ணி ஒன்று அறுந்தால் செய்தியின் மதிப்புக் குறைந்தது. இன்றைய செய்தியாளர் பயிலும் பாடத்தை அன்றே ஓர் அறிவுத்துறையாக வளர்த்தெடுத்திருந்தனர்.

நம் தமிழிலும் சான்று தேடத் தொலைவு போகவேண்டியதில்லை. எட்டயபுரத்து உமறுப் புலவர், வள்ளல் சீதக்காதியின் விருப்பத்தின்படி சீறாப்புராணம் பாட முற்பட்டபோது, பெருமானாரின் வாழ்வு பற்றிய செய்திகளெல்லாம் அரபு மொழியில் இருந்தன. அவற்றைத் தந்துதவுமாறு சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை அணுகினார் என்றும், முதலில் இசைவு கிட்டவில்லை என்றும், பின்னர்ப் பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியாரிடம் செய்திகள் பெற்றார் என்றும் மரபு வழியே சொல்லப்படுகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் பாடிய பெருங்கவிஞரும் முதலில் செய்திக்காக ஒருவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. இளைய நண்பர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

என் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டிருப்பேன். யார் சொன்னார், கண்ணால் கண்டாரா, கேட்டுச் சொன்னாரா என்பதை அங்கே எழுதுவது வழக்கம். ஆவணங்களும் அப்படித்தான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களைப் போன்றோர்க்குக் கிடைத்த பெருங்கொடை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் முப்பது நாளில் விடை தரவேண்டும். அலுவலக வாசலில் மணிக்கணக்கில் நின்று, "நாளைக்கு வாங்க" கேட்டுத் திரும்பிய காலத்தை அறிந்தவர்கள் அந்தப் பத்து ரூபாயின் அருமையை உணர்வர். சென்னைக்குப் பொதிகை விரைவு வண்டி ஏறிப்போய் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டுவது மற்றொரு வழி. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் 1994இல் பொது நூலகமாகியிராவிட்டால் தமிழ் இதழ்களின் வரலாற்றில் பாதியை நாம் இழந்திருப்போம்.

ஆயினும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஏட்டில் இல்லாத ஒன்றுதான். அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சங்கரன்கோவில் நெசவூர். சில தெருக்களில் நடந்தால் காலை முதல் இரவு வரை விசைத்தறியின் ஓசையே காற்றாக வீசும். தறிக்கூடத்தினுள் இருவர் பேசிக்கொள்ள வேண்டுமாயின் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்கின்றனர். ஒருவர் இரண்டு தறியோ நான்கு தறியோ பார்த்துக்கொள்வார். நூல் அறுந்தால் முடிவார். நாடாவில் தார் தீர்ந்தால் மாற்றுவார். பாவு முடிந்தால் அடுத்த பாவைப் பிணைப்பார்கள். வீடுகளில் பெண்கள் தார் சுற்றுவர். கூலி நாளுக்கன்று, நெய்த சேலைக்கு. எனவே மின்சாரம் நின்றால், நூல் வராவிட்டால், கூலியும் நின்றுவிடும்.

2017ஆம் ஆண்டின் பிற்பகுதி. முந்தைய நவம்பரில் பணமதிப்பிழப்பு. அவ்வாண்டு ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி. பருத்தி நூலுக்கும் துணிக்கும் ஐந்து விழுக்காடு. தெருவின் ஓசை குறைந்துவிட்டதென்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுத முடியாதன்றோ? தொழிலாளரைக் கேட்டால் வாரத்தில் பாதிநாள் வேலையில்லை என்றனர். தறி உரிமையாளரோ, அப்படியொன்றுமில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார். உரிமையாளர் என்றால் பெருஞ்செல்வர் என்று எண்ண வேண்டா. கடன் வாங்கி நான்கு தறி போட்டு, நூல் தருபவரை எதிர்பார்த்து வாழும் மனிதர் அவர். இருவரில் எவர் சொல் மெய்?

விடையைத் தந்தது மின்வாரிய அட்டை. விசைத்தறிக்கு அரசு 2006 முதல் குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை இலவசமாக வழங்கிவருகிறது. இரு மாதத்துக்கு 500 அலகாக இருந்தது, 2016இல் 750 ஆகி, 2023இல் 1000 ஆயிற்று. ஆகவே ஒவ்வொரு தறிக்கூடத்திலும் இரு மாதத்துக்கொருமுறை எடுத்த கணக்கு அட்டையில் இருக்கும். ஓடிய தறி மின்சாரம் உண்ணும். ஓடாத தறி உண்ணாது. தெரிந்த சில தறிக்கூடங்களில் இசைவு பெற்று, அட்டைகளை ஓராண்டுக்குப் பின்னோக்கிப் பார்த்தேன். பிறகு தொழிலாளர் வைத்திருந்த கூலிக் கணக்கு நோட்டோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே கதையைச் சொல்லின. உரிமையாளரிடமே அதைக் காட்டியபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரிதான் பாய், எழுதுங்க. ஆனா நூல் வெலையயும் சேர்த்து எழுதுங்க" என்றார். நியாயமான கோரிக்கை. சேர்த்தே எழுதினேன்.

கட்டுரையின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருந்தது. திருமணம், மருத்துவம் என்று உரிமையாளரிடம் முன்பணம் வாங்கிய தொழிலாளர், அதை அடைக்கும்வரை வேறு தறிக்குப் போக இயலாது. வேலை குறைந்தால் கடன் அடையாது. கடன் அடையாவிட்டால் வேலை இருக்கும் இடத்துக்குப் போகவும் வழியில்லை. இதை எனக்கு விளக்கிச் சொன்ன தொழிலாளி தம் நோட்டையும் முன்னே வைத்தார். எழுந்து வரும்போது, "அண்ணாச்சி, எல்லாம் எழுதுங்க. எம் பேர மட்டும் போட்டுராதீங்க. பிள்ள படிக்கிறா" என்றார்.

முன்மொழிவை ஏற்றிருந்த வார இதழின் ஆசிரியர் கட்டுரையைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அந்தத் தொழிலாளியின் பெயரும் படமும் வேண்டும், முகமில்லாத மனிதரை வாசகர் நம்பமாட்டார் என்றார். பெயர் மறைத்த கணக்கு நோட்டின் படியை அனுப்புவதாகச் சொன்னேன். போதாது என்றார்.

அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தேன். ஆசிரியர் கேட்டது தவறன்று. இஸ்னாது பற்றி மேலே எழுதினேனே, அதன் நெறியும் இதுதான்: சொன்னவர் பெயர் தெரியாவிட்டால் செய்தி வலுவிழக்கும். ஆனால் அறிவிப்பாளர்களின் பெயர்கள் போற்றப்பட்டன. இந்தத் தொழிலாளியின் பெயர் வெளியானால் மறுநாள் காலை அவருக்குத் தறி இருக்காது. முன்பணம் மட்டும் இருக்கும். சான்றை வலுப்படுத்துவது என் கடமை. அந்த வலுவுக்குரிய விலையை அவர் பிள்ளையின் படிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. சொல்லப்போனால், "எம் பேர மட்டும் போட்டுராதீங்க" என்பதை அமானிதமாகவே நான் ஏற்றிருந்தேன். அமானிதம் என்னும் சொல்லுக்கு இம்மலரின் வாசகர்களுக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஐந்து மாதங்களுக்குப் பின் அது ஒரு சிற்றிதழில், பெயரின்றியே வந்தது. சன்மானம் இல்லை, ஐந்து படிகள் தந்தனர். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்தார். நூல் கணக்கில் ஓர் எண்ணை மட்டும் திருத்தச் சொன்னார், அது அச்சுப்பிழை.

வாசகர் விரும்பமாட்டார் என்பது இதழ் வாசலில் அடிக்கடி கேட்கும் சொல். பி. சாய்நாத் அவர்கள் 1993இல் ஆங்கில நாளிதழ் ஒன்றின் ஆய்வுநல்கை பெற்று, நாட்டின் மிக வறிய மாவட்டங்களிலிருந்து எழுதப் புறப்பட்டபோதும், இதில் வாசகருக்கு என்ன ஆர்வம் இருக்கும் என்று கேட்கப்பட்டதாம். வாசகரை நீங்கள் கடைசியாக எப்போது சந்தித்தீர்கள் என்னும் பொருள்பட அவர் திருப்பிக் கேட்டாராம். நம் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அந்தப் பயணத்தில் இடம்பெற்றன. 1996இல் அக்கட்டுரைகள் நூலாகி, எத்தனை பதிப்புகள் கண்டன! அந்த ஒரு வினாவுக்கு எத்தனை வாசகர்கள் விடையளித்தனர்!

பொறுமைக்குச் சான்று வேண்டுமாயின் நம் திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன் இருக்கிறார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். சந்தூர் அரசின் பணியிலிருந்து வெளியே வந்தபின் எவரிடமும் சம்பளத்துக்கு அமரவில்லை. எழுத்தும் நிழற்படமுமே பிழைப்பு. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் காட்டுயிர் பற்றி 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் மறையும்வரை, 46 ஆண்டுகள் எழுதினார். ஒரு பத்தியைக் கேட்டு வாங்குவது எளிது. அடுத்த பதினைந்தாம் நாள் மீண்டும் புதிதாகச் சொல்ல ஏதேனும் இருக்கவேண்டும். அதற்கடுத்த பதினைந்தாம் நாளும். நாற்பத்தாறு ஆண்டுகள் என்பதை இந்தக் கணக்கில் பார்க்க வேண்டும்.

நம் சமுதாய இதழ்களையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். மலையாள வழியில் பயின்ற தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் முதல் நாவல் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசில்தான் தொடராக வந்தது. 1988இல் நூலானது. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்காகச் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தபோது, முதலில் வாசல் திறந்த இதழை எத்தனை பேர் நினைத்தனரோ அறியேன். பெரிய இதழ்களின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இத்தகைய இதழ்களைச் சிறியவையென ஒதுக்கலாகாது. அங்கே ஆசிரியர் நம் மடலை முழுவதும் படிப்பார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல அதில் அதிகமில்லை. சில இதழ்கள் தரும், சில தரா, சில கேட்டால் தரும். கேட்பதில் இழிவில்லை. ஆனால் ஒன்றைச் சட்டமே நமக்குத் தந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு அமராமல் எழுதியவனின் எழுத்துக்கு அவனே முதல் உரிமையாளன்; உரிமையை மாற்றித் தருவதாயின் எழுத்து மூலமாகத்தான் தர முடியும்; எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். என் கட்டுரையொன்று என்னைக் கேளாமல் ஒரு தொகுப்பு நூலில் இடம்பெற்றபோது, இம்மூன்றையும் குறித்து ஒரு பதிவஞ்சல் அனுப்பினேன். இரு வாரத்தில் காசோலை வந்தது. தொகை பெரிதன்று, அதோடு இணைத்திருந்த மடலில் என் பெயருக்கு முன் 'உயர்திரு' இருந்தது.

1941இல் தோன்றிய கல்கி 2020இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போயிற்று. அச்சிதழ்கள் பல இவ்வாறே மறைந்தும் மாறியும் வருகின்றன. அதனால் எழுதுவோர்க்கு வாசல் குறைந்துவிட்டதென்று சிலர் வருந்துவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதவேண்டியவை எங்கள் ஊரிலேயே குறையாமல் இருக்கின்றன. தற்போது புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். விடியுமுன் வந்துசேரும் மூட்டைகளில் எவை கேரளத்துக்கு, எவை ஊறுகாய்க்கு என்பதைப் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லும் முதியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டேன். சிரித்தார். மூன்றாவது முறை, "பழம் கனிஞ்ச பொறவு வாங்க, காட்டுறேன்" என்றார். அதன் பிறகே ஆசிரியருக்கு மடல் எழுத வேண்டும்.